அம்பின் கூர்மையும் ஹலாலின் எல்லையும்

ஹதீஸ் வகுப்பில் வேட்டை பற்றிய பாடம் வரும்போது ‘மிஃராள்’ எனும் சொல்லுக்கு அகராதிப் பொருளைக் கூறிவிட்டு அடுத்த ஹதீஸுக்குச் சென்றுவிடுவது நம் நெடுநாள் வழக்கம். அச்சொல்லின் கனத்தை நமக்கு உணர்த்தியது, நம்மிடம் பயின்று இன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் வாழும் மாணவர் ஒருவர் தொலைபேசியில் கேட்ட வினா. அவருடைய ஜமாஅத்தைச் சேர்ந்த ஒருவர் உரிமம் பெற்று, குறுக்குவில்லால் மான் வேட்டைக்குச் சென்றார். மாலையில் அம்பு தைத்த மான் காட்டுக்குள் ஓடி மறைந்தது. இருளில் இரத்தத் தடம் தெரியாமல் திரும்பியவர், விடிந்ததும் தேடிச் சென்றபோது அது உயிரற்றுக் கிடந்தது. அதன் இறைச்சியை உண்ணலாமா?

நாம் உடனே விடை கூறவில்லை. அம்பின் முனை எத்தகையது? எங்கே தைத்தது? உடலில் வேறு காயம் உண்டா? என்று திருப்பிக் கேட்டோம். ஏன் கேட்டோம் என்பதை விளக்குவதே இக்கட்டுரை.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றமாகும். சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் வாழ்வோருக்கே இங்கு கூறப்படுபவை நடைமுறையாகும். எனினும், வேட்டைச் சட்டங்களை நூல் வழியாக மட்டுமே அறிந்த நமக்கும் இவற்றில் பயனுண்டு.

துளைப்பதும் மோதுவதும்

தய்யி குலத்தைச் சேர்ந்த அதிய்யு பின் ஹாத்திம் (ரலி) அவர்கள் வேட்டையில் பழகியவர்கள். மிஃராளைக் கொண்டு வேட்டையாடுவது பற்றி அவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வினவினார்கள். அதன் கூர்முனை பட்டு இறந்ததை உண்ணலாம் என்றும், அது குறுக்குவாட்டில் மோதி இறந்ததை உண்ணக்கூடாது, அது அடிபட்டுச் செத்ததாகும் என்றும் நபியவர்கள் விடையளித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது. மிஃராள் என்பது கனமான மரத்துண்டு அல்லது கோல். அதன் நுனியில் சில வேளை இரும்பு இருக்கும், சில வேளை இராது என்று இமாம் நவவீ (ரஹ்) விளக்குகிறார்கள்.

அருள்மறையின் அல்மாயிதா அத்தியாயம் 3ஆம் வசனம் தடுக்கும் ‘மவ்கூதா’ எனும் அடிபட்டுச் செத்த பிராணியே இங்கு அளவுகோல். ஒரே கோல், ஒரே கை, ஒரே பிஸ்மில்லாஹ். ஆயினும் கூர்முனை துளைத்தால் ஹலால், எடை மோதினால் ஹராம். களிமண் உருண்டையை எய்து கொன்றதை இப்னு உமர் (ரலி) அவர்கள் மவ்கூதா என்றதும் இதனாலேயே. காயத்தால் இறந்ததா, கனத்தால் இறந்ததா எனும் ஐயம் எழுந்தால் பேணுதலுக்காக விலக்கப்படும் என்று ஹனஃபீ நூலான ஹிதாயா வரையறுக்கிறது.

துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியாலும் திசுச் சிதைவாலும் கொல்கிறது. அம்போ இரத்தப் பெருக்கால் கொல்கிறது. இரத்தக் குழாய்களை அறுக்காத அம்பு மானை விரைவில் வீழ்த்தாது. ஆகவே வேட்டைக் கலையும் சட்டக் கலையும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. அந்த இடம் அம்பின் முனை. அரபியில் அதற்கு ‘நஸ்ல்’ என்று பெயர்.

முனையைத் தேர்ந்தெடுத்தல்

குறுக்குவில் நம் நூல்களுக்குப் புதிதன்று. ஹிஜ்ரி 751இல் மறைந்த இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் ‘அல்ஃபுரூஸிய்யா’ நூலில் கைவில்லையும், காலால் மிதித்து நாணேற்றும் கால்வில்லையும் ஒப்பிட்டுப் பேசுகிறார்கள். அக்கால்வில்லே குறுக்குவில். இன்றைய குறுக்குவில், குட்டையான அம்பை நொடிக்கு 300 முதல் 400 அடி வேகத்திலும் அதற்கு மேலும் செலுத்த வல்லது.

மான் வேட்டைக்குரிய முனை ‘பிராட்ஹெட்’ எனப்படும். தகடு போன்ற அலகுகள் பொருத்தப்பட்ட அகன்ற முனை அது. அதில் இரு பெரும் வகைகள் உண்டு. முதலாவது, அலகுகள் எப்போதும் விரிந்தே நிற்கும் நிலைமுனை. இரண்டாவது, பறக்கும்போது மடங்கியிருந்து, தைத்தவுடன் விரியும் விரிமுனை.

நிலைமுனையில் அசையும் உறுப்பு இல்லை. எனவே தைக்கும் வேளையில் அது கைவிடாது. ஆனால், விரிந்த அலகுகள் காற்றில் சிறகுபோல் செயல்படுவதால், வில்லும் அம்பும் செம்மையாக இசைந்திராவிட்டால் அம்பு குறி விலகும். வேகம் கூடக் கூட இக்குறை பெருகும். விரிமுனை குறி தவறாமல் பறக்கும். அகன்ற காயம் உண்டாக்கும். ஆனால் விரிவதற்கே விசையில் ஒரு பகுதி செலவாகும். சாய்வாகப் பட்டால் வழுக்கக்கூடும். அலகைப் பிடித்திருக்கும் வளையம் நைந்திருந்தால் ஏவிய அதிர்விலேயே விரிந்துவிடும். ஆகவே விரிமுனையை விரும்புவோர் குறுக்குவில்லுக்கென்றே செய்யப்பட்டதை வாங்குவது முறை.

எடை ‘கிரெய்ன்’ அளவில் கூறப்படும். 100 கிரெய்ன் ஏறத்தாழ 6.5 கிராம், 125 கிரெய்ன் ஏறத்தாழ 8 கிராம். இவ்விரண்டும் பெருவழக்கில் உள்ளவை. அம்பையும் வில்லையும் செய்தவர் குறிப்பிட்ட எடையிலிருந்து விலகலாகாது. வெட்டகலம் நிலைமுனைகளில் பெரும்பாலும் 1 முதல் 1¼ அங்குலம். விரிமுனைகளில் 2 அங்குலம் வரையும் அதற்கு மேலும் உண்டு. அமெரிக்க மாநிலங்கள் பல குறைந்த அளவாக 7/8 அங்குலத்தை விதித்துள்ளன. அந்தந்த மாநிலத்தின் விதியைப் பார்த்தே வாங்க வேண்டும்.

சட்டப் பார்வையில் மூன்று எச்சரிக்கைகள். ஒன்று, சிறு பிராணிகளுக்கென ரப்பரால் அல்லது தட்டையான உலோகத்தால் செய்யப்படும் மழுங்கிய முனைகள் விற்கப்படுகின்றன. அவை மோதியே கொல்கின்றன. அவற்றால் இறந்த முயலும் அணிலும் மவ்கூதாவே. இரண்டு, பல்லாலும் நகத்தாலும் அறுப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இதிலிருந்து ஷாஃபிஈ சட்ட நூல்கள் எலும்பால் ஆன அம்பு முனையையும் விலக்குகின்றன. மூன்று, விரிமுனையின் அலகு விரியாமல் போனாலும் அதன் நுனி உடலைத் துளைத்திருந்தால் ‘துளைத்தது’ எனும் நிபந்தனை நிறைவேறிவிடும். இறைச்சி அதனால் மட்டும் ஹராமாகாது. ஆனால் பிராணியின் வேதனை நீளும். அதற்குப் பொறுப்பு வேட்டையாடியவரையே சாரும்.

பேணுதல்

எல்லாச் செயலிலும் இஹ்ஸான் எனும் நன்னேர்த்தியை இறைவன் விதித்துள்ளான். அறுப்பவர் தம் கத்தியைத் தீட்டிக்கொண்டு பிராணிக்கு எளிதாக்கட்டும் என்று ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அறிவிக்கும் நபிமொழி முஸ்லிமில் உள்ளது. வேட்டைக்காரனின் கத்தி அம்பின் முனையே.

புதிதாக வாங்கிய முனை கூராகத்தான் இருக்கும் என்று நம்பிவிடலாகாது. இழுத்துப் பிடித்த ரப்பர் பட்டையின்மேல் அலகை மெல்ல வைத்தால், அழுத்தாமலேயே அது அறுந்து விழ வேண்டும். விரலால் சோதிப்பது ஆபத்து. தீட்டும்போது அலகு செய்யப்பட்ட சாய்வையே கடைப்பிடித்து, இருபுறமும் ஒரே எண்ணிக்கையில் சாணைக்கல்லில் இழுத்து, இறுதியில் தோல்பட்டையில் தேய்ப்பது வழக்கம். மாற்றத்தக்க அலகுகளைத் தீட்டுவதைவிட மாற்றிவிடுவதே சிறந்தது.

அம்பை நுனியில் நிறுத்திச் சுழற்றினால் தள்ளாடாமல் சுழல வேண்டும். தள்ளாடினால் முனை கோணலாகப் பொருந்தியுள்ளது எனப் பொருள். திருகு தளர்ந்துள்ளதா என ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். பயன்படுத்திய முனையைச் சோப்பு நீரில் கழுவி, ஈரம் போக உலர்த்தி, துரு ஏறாதிருக்க மெல்லிய எண்ணெய் பூச வேண்டும். விரிமுனையின் வளையத்தை ஒவ்வோர் எய்தலுக்குப் பின்னும் மாற்றுவது நலம். பயிற்சிக்கு ஒரு முனை, வேட்டைக்கு வேறு முனை எனப் பிரித்து வைப்போரின் அலகுகள் மழுங்குவதில்லை. பயிற்சிக்குரிய இலக்கு உயிரற்றதாகவே இருக்க வேண்டும். உயிருள்ளதைக் குறியாக நிறுத்துவதை நபி (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்துள்ளார்கள்.

பள்ளிவாசலிலோ சந்தையிலோ அம்புகளுடன் செல்பவர் அவற்றின் முனைகளைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்றும் நபியவர்கள் பணித்தார்கள். பிறர் மீது கீறிவிடக்கூடாதே என்பதற்காக. முனைகளை முழுதும் மூடும் அம்பறாத்தூணி இன்று அப்பணியைச் செய்கிறது. திறந்த முனையுடன் மரத்தில் ஏறித் தம் உடலையே கிழித்துக்கொண்டோர் உண்டு.

மாணவருக்குக் கூறிய விடை

நம் வினாக்களுக்கு மறுநாள் விடை வந்தது. நிலைமுனை, நன்கு தீட்டப்பட்டது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, நெஞ்சறையை ஊடுருவி மறுபக்கம் வெளிவந்திருந்தது. வேறு காயம் இல்லை. மான் நீரில் விழவில்லை. இறைச்சியில் நாற்றமும் இல்லை.

காயம்பட்டு மறைந்து, பின்னர் இறந்து கிடந்த பிராணியைப் பற்றி ஷாஃபிஈ மத்ஹபில் இரு கருத்துகள் உள்ளன. ‘மின்ஹாஜ்’ நூல் கூடாது என்பதை முற்படுத்துகிறது. ஆனால், அதே இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ‘ரவ்ளா’வில், கூடும் என்பதே ஆதாரத்தால் வலுவானது என்கிறார்கள். ஓரிரு நாள் கழித்துக் கண்டெடுத்த பிராணியின் உடலில் தன் அம்பின் தடத்தைத் தவிர வேறில்லையெனில் உண்ணலாம், நீரில் விழுந்து கிடந்தால் உண்ணலாகாது எனும் அதிய்யு (ரலி) அவர்களின் அறிவிப்பு அதற்குத் துணை. தேடுவதைக் கைவிட்டு உட்கார்ந்துவிடாதிருக்க வேண்டும் என ஹனஃபீகள் நிபந்தனை இடுகின்றனர். இருளால் தடைப்பட்டு விடியலில் தொடர்ந்தவர் தேடலைக் கைவிட்டவர் ஆகார் என்பது நம் கருத்து. ஆகவே உண்ணலாம் என்றோம். பேணுதலை நாடி ஒதுங்குபவரைக் குறை கூற வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னோம்.

அந்த விடையை நம்மால் மனநிறைவோடு கூற முடிந்ததற்குக் காரணம், முகமறியாத அந்த வேட்டையாளர் முதல்நாள் தம் அலகைத் தீட்டியிருந்தார் என்பதே. அம்பு மழுங்கியிருந்தால் மான் தொலைவு ஓடி, எதனால் இறந்தது என்ற ஐயத்தோடு கிடந்திருக்கும். அல்லது எவருக்கும் உணவாகாமல் நாள்கணக்கில் துடித்திருக்கும். இறைச்சி ஹலாலாவது நாவு பிஸ்மில்லாஹ் கூறும் நொடியில்தான் தொடங்குகிறது என்று எண்ணியிருந்தோம். சாணைக்கல்லின் முன் அமர்ந்த வேளையிலேயே அது தொடங்கிவிடுகிறது.

அல்லாஹ்வே யாவற்றையும் நன்கறிந்தவன்.