சூடேறினால் ஃபியூஸைப் பார்

1970-இல் ஹோண்டா அமெரிக்காவில் இறக்கிய மூன்று சக்கர வண்டியில் கெட்டுப்போவதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. குளிர்காலம் வந்தால் பைக் விற்காமல் கடைக்காரர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பனியிலும் விற்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று கேட்டதற்கு, ஒசாமு டகேயுச்சி என்ற பொறியாளர் வடிவமைத்துக் கொடுத்த வண்டி அது. முதலில் யுஎஸ்90, பிறகு ஏடிசி90. எஞ்சின் 89 சிசி, உப்பிய பலூன் டயர்கள், விலை 595 டாலர். ரேடியேட்டர் கிடையாது, செல்ஃப் கிடையாது. கயிற்றை இழுத்தால் ஓடும்.

ஓடவில்லையா? பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் சாய்த்து வைத்துக் கயிற்றை இழுக்க வேண்டும். நீலமாகப் பொறி பறந்தால் கரண்ட் சரி, கார்புரேட்டரைப் பார்க்கலாம். பொறி இல்லையென்றால் பாயிண்டை உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு. சூடேறுகிறதா? சிலிண்டரைச் சுற்றியுள்ள ஃபின்களுக்கு நடுவே காய்ந்த சேற்றைக் குச்சியால் சுரண்டிவிட்டு, ஆயிலைப் பார்த்தால் போதும். கரண்ட் ஒரு வீடு, சூடு ஒரு வீடு. இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

பந்தய வண்டிகளுக்கு 1985 வாக்கில் தண்ணீர்க் குளிர்விப்பு வந்தது. விபத்துகள் பெருகியதால் 1988-இல் அமெரிக்க அரசோடு ஏற்பட்ட உடன்பாட்டில் மூன்று சக்கர விற்பனை நின்றது. 1980-களின் தொடக்கத்திலேயே சுசுகி கொண்டுவந்திருந்த நான்கு சக்கரம் நிலைத்தது. பிறகு எஞ்சின் பெருத்தது. பண்ணையில் பனி தள்ளுவது, சேற்றில் ஊர்வது என்று வேலை மெதுவானது. மெதுவாகப் போகிற வண்டிக்கு எதிர்க்காற்று இல்லை. அதனால் ரேடியேட்டருக்குப் பின்னால் மின்விசிறி வந்து உட்கார்ந்தது. சூட்டுக்கும் கரண்டுக்கும் கல்யாணம் முடிந்தது அந்த இடத்தில்தான்.

முதல் தலைமுறை விசிறி எளிமையானது. ரேடியேட்டரில் திருகிய ஒரு சுவிட்ச், சூடானால் தானே இணையும். அதன் இரண்டு ஒயரையும் கழற்றி ஒன்றோடொன்று தொட்டால் விசிறி சுற்ற வேண்டும். சுற்றினால் சுவிட்ச் போச்சு. இல்லையென்றால் ஃபியூஸ், ஒயர், மோட்டார்.

இன்றைய வண்டியில் அதே விசிறி சுற்ற ஒரு பஞ்சாயத்தே கூடவேண்டும். சென்சார் சூட்டை அளக்கிறது. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். அதை இசியூ எனும் எஞ்சின் கணினி படித்து, ரிலேவுக்குச் சொல்லி, ரிலே மோட்டாருக்குக் கரண்ட் விடுகிறது. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்ததும் பலர் தெர்மோஸ்டாட்டையும் வாட்டர் பம்பையும் மாற்றிவிட்டு வந்து, 'இன்னும் சூடாகுது' என்கிறார்கள். கூலன்ட் அளவு சரியா, ரேடியேட்டர் மூடி இறுக்கமாகப் பிடிக்கிறதா, விசிறி சுற்றுகிறதா என்று பார்த்த பிறகல்லவா பம்புக்குப் போக வேண்டும்! பல வண்டிகளில் எஞ்சின் ஓடும்போது சென்சார் கனெக்டரைப் பிடுங்கினால், இசியூ எதற்கும் இருக்கட்டும் என்று விசிறியை ஓட்டும். சுற்றிவிட்டால் மோட்டார், ரிலே, ஃபியூஸ் மூன்றும் நிரபராதி.

மல்டிமீட்டரும் ஏமாற்றும். ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் சும்மா தொட்டால் 12 வோல்ட் காட்டும். பாரம் ஏறினால்தான் குட்டு வெளிப்படும். ஆகவே விசிறி ஓடும்போதே மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை விசிறியின் எர்த்திலும் வைக்க வேண்டும். கிட்டத்தட்ட பூஜ்யம் வரவேண்டும். அரை வோல்ட் காட்டினால் எங்கோ ஒரு எர்த் போல்ட் துருப்பிடித்திருக்கிறது.

அடுத்தது சார்ஜிங். நிற்கும்போது பேட்டரி 12.6, ஓடும்போது 14-ஐ ஒட்டி. ஓடும்போதும் 12-லேயே கிடந்தால் கரண்ட் உண்டாக்கும் ஸ்டேட்டரோ, அதைச் சீராக்கும் ரெகுலேட்டரோ போச்சு. ஸ்டேட்டரின் மூன்று ஒயரையும் இரண்டிரண்டாக அளந்தால் ஒரே அளவு ஏசி வரவேண்டும். எதுவும் எர்த்தோடு ஒட்டக்கூடாது. இத்தனையும் சரி, ஆனாலும் சூடு என்றால் நான் முதலில் வண்டியைக் கயிற்றால் இழுக்கும் வின்ச்சைத்தான் சந்தேகப்படுவேன். ஸ்டேட்டர் தருவது சில நூறு வாட். சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்கும்போது வின்ச் 100 ஆம்பியருக்கு மேல் குடிக்கும். பேட்டரி துவண்டு, விசிறி சோம்பலாகச் சுற்றி, முள் ஏறுகிறது. ஓட்டுபவர் பழியைப் போடுவது கூலன்ட் மேல்.

புதிய வண்டிகளில் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவது முறுக்கிய இரண்டு ஒயர்கள் வழியாக. பேட்டரியைக் கழற்றிவிட்டு அவற்றுக்கிடையே அளந்தால் 60 ஓம் வரவேண்டும். 120 வந்தால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. குளிர்காலத்தில் கொட்டகையில் நிறுத்திய வண்டியென்றால் எலி கடித்திருக்கலாம்.

சேறு மட்டும் அன்றைய சேறுதான். முன்னாலிருந்து பார்த்தால் ரேடியேட்டர் பளிச்சென்றிருக்கும், அடைப்பு உள்ளே. விசிறியைக் கழற்றி, எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, தோட்டக் குழாயின் மெல்லிய ஓட்டத்தில் கழுவ வேண்டும். அவசரக்காரர்கள் பிரஷர் வாஷரை எடுக்கிறார்கள். ஃபின்கள் மடங்குகின்றன, தண்ணீர் கனெக்டர்களுக்குள் புகுகிறது. அன்று வண்டி குளிர்ச்சியாக ஓடும். கொஞ்ச நாளில் விசிறி நிற்கும். கனெக்டரைத் திறந்தால் உள்ளே பச்சையாகக் களிம்பு.