பிடித்த நாட்டை நன்றாக ஆண்டால் போதுமா?

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. போரில் தோற்ற மைசூர் மன்னர் திப்பு சுல்தான் தன் நாட்டில் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் கொடுக்க வேண்டும். அதற்குப் பிணையாக அவருடைய இரண்டு மகன்கள் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குக்கு வந்த பகுதிகளில் ஒன்று பாரமகால். இன்றைய தருமபுரி அதில் இருந்தது. அங்கே உழுது கிஸ்தி கட்டிக்கொண்டிருந்த குடியானவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்நியப் படை ஒரு நாட்டைப் பிடித்து ஆள்வது சரியா தவறா என்ற விவாதம் இன்றும் உலகெங்கும் நடக்கிறது. அதில் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. எந்த உரிமையில் வந்தார்கள்? வந்தபின் எப்படி நடந்துகொண்டார்கள்? எதற்காக இருக்கிறார்கள்? இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கத் தருமபுரியின் கதை நன்றாக உதவும்.

உரிமை

அன்றைய வழக்கப்படி ஜெயித்தவன் எடுத்துக்கொள்ளலாம். தோற்றவன் கையெழுத்திட்டால் அது சட்டம். இதே பாரமகாலை அதற்கு முன்பு கடப்பை நவாபின் ஆட்சியிலிருந்து திப்புவின் தந்தை ஐதர் அலி கைப்பற்றியதும் படைபலத்தால்தான். ஆகவே 'முன்பு இருந்தது நம்மவர் ஆட்சி, பிறகு வந்தது அந்நியர் ஆட்சி' என்று எளிதாகக் கோடு கிழிக்க முடியாது. ஊர்க்காரர்களின் சம்மதத்தை இருவருமே கேட்கவில்லை.

இன்றைய சட்டம் வேறு. 1945-இல் வந்த ஐ.நா. சாசனம், படைபலத்தால் அடுத்த நாட்டின் நிலத்தைப் பறிப்பதைத் தடை செய்கிறது. சட்டவிரோதமாக மிரட்டி வாங்கிய ஒப்பந்தம் செல்லாது என்று 1969-இன் வியன்னா உடன்படிக்கை சொல்கிறது. ஒரு படை எத்தனை ஆண்டு ஓரிடத்தில் இருந்தாலும் அந்த நிலம் அதற்குச் சொந்தமாகாது.

நடத்தை

பாரமகாலை நிர்வகிக்கக் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் தேர்ந்தெடுத்தது ராணுவ அதிகாரிகளை: கேப்டன் அலெக்சாண்டர் ரீட், அவருக்கு உதவியாகத் தாமஸ் மன்றோ முதலியோர். சென்னையிலிருந்த சிவில் அதிகாரிகளுக்கு உள்ளூர் மொழிகள் தெரியாது என்பது அதற்கு ஒரு காரணம். மன்றோவின் பொறுப்பில் தருமபுரிப் பகுதி வந்தது.

இவர்கள் ஊர் ஊராகப் போனார்கள். நிலத்தை அளந்தார்கள். கர்ணம், ஊர்த்தலைவர் என்ற பழைய அமைப்பைக் கலைக்காமல் அதன் மூலமே வேலை வாங்கினார்கள். இடைத்தரகர் இல்லாமல் பயிரிடுபவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவெடுத்தது. பிறகு அது சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் பரவியது.

1907-இல் வந்த ஹேக் விதிகளை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆக்கிரமித்த படை, தவிர்க்கவே முடியாத நிலை இருந்தாலொழிய, நாட்டில் ஏற்கெனவே உள்ள சட்டத்தை மதிக்க வேண்டும். வரியைக் கூடியவரை பழைய முறைப்படியே வாங்க வேண்டும். பொதுச்சொத்தை அறங்காவலர்போல் காக்க வேண்டும். 1949-இன் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை இன்னும் கடுமையானது. கூட்டுத்தண்டனை கூடாது, தன் குடிமக்களைக் கொண்டுவந்து குடியமர்த்தக் கூடாது, மக்களுக்கு உணவும் மருந்தும் கிடைக்கச் செய்ய வேண்டும். வந்தவர் தற்காலிகமானவர் என்பதுதான் இத்தனை விதிகளுக்கும் அடிப்படை. ரீடும் மன்றோவும் எவ்வளவு அக்கறையோடு வேலை செய்திருந்தாலும், வரிமுறையையே புதிதாக எழுதினார்கள். தங்க வந்தவர்கள் செய்கிற வேலை அது.

நோக்கம்

ஏழு ஆண்டுகள் கழித்து, 1799-இல், கம்பெனி மீண்டும் மைசூர்மீது படையெடுத்தது. ஜெனரல் ஹாரிஸின் படை பாரமகால் வழியாகத்தான் மேலேறியது. படைக்கான தானியத்தையும் மாடுகளையும் இந்தப் பக்கத்திலிருந்து திரட்டிக் கொடுத்தவர் ரீட். மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்தது, திப்பு கொல்லப்பட்டார். ஒழுங்கான கணக்கும் அமைதியான கிராமங்களும் குடியானவருக்கு எந்த அளவு பயன்பட்டனவோ, அந்த அளவு அடுத்த போருக்கும் பயன்பட்டன.

இதற்கு மாறாக, மக்களைப் பகைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஈராக் உதாரணம். 2003-இல் அமெரிக்க நிர்வாகம் ஈராக் ராணுவத்தை ஒரே உத்தரவில் கலைத்தது. ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கானோர் பிழைப்பின்றித் தெருவுக்கு வந்தார்கள். அவர்களில் பலர் கிளர்ச்சியில் சேர்ந்தார்கள். உத்தி என்ற அளவில் மன்றோவின் வழி எவ்வளவோ மேல். ஆனால் அது உரிமைக் கேள்விக்குப் பதிலாகாது.

அழைத்தால் சரியா?

1987 ஜூலையில் இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனது அந்நாட்டு அரசோடு செய்த ஒப்பந்தத்தின்படி. அதனால் சட்டக் கண்ணில் அது ஆக்கிரமிப்பு அல்ல. ஆனால் சில மாதங்களிலேயே அந்தப் படை விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது, பொதுமக்களும் செத்தார்கள். 1989-இல் அதிபர் பிரேமதாசாவே வெளியேறச் சொன்னார். 1990 மார்ச்சில் கடைசி வீரரும் திரும்பினார். அரசின் சம்மதமும் அந்தந்த ஊர் மக்களின் சம்மதமும் ஒன்றல்ல. அரசு தந்த சம்மதத்தை அரசே திரும்பப் பெறலாம்.

ஆட்சியாளரே சொன்னது

இந்த விவாதத்தில் மன்றோவே ஒரு சாட்சி. அந்நிய ஆட்சி இந்தியரை உயர்த்துவதற்குப் பதில் தாழ்த்திவிடக்கூடும் என்று 1817-இல் அவர் கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸுக்கு எழுதினார். உயர்பதவி எதுவும் கிடைக்காத மக்களுக்குத் தன்மதிப்பு எப்படி வளரும் என்பது அவர் வாதம். 1824-இல் சென்னை கவர்னராக இருந்தபோது எழுதிய குறிப்பில், இந்தியர் தம்மைத் தாமே ஆளும் தகுதி பெறும் நாளில் பிரிட்டன் படிப்படியாக விலகுவதே இரு நாட்டுக்கும் நல்லது என்றார்.

ஆனால் அந்த நாள் வந்துவிட்டதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஆள்பவர் கையிலேயே இருந்தது. 1947 வரை அது வரவில்லை. ஆகவே ஓர் அந்நியப் படை 'மக்கள் தயாரானதும் போய்விடுவோம்' என்று சொன்னால், எப்போது என்பதை முடிவு செய்பவர் யார் என்று முதலில் கேளுங்கள். நல்ல சாலையும் ஒழுங்கான கணக்கும் அதற்குப் பிறகு பேச வேண்டியவை.