பூச்சி மருந்துச் சீட்டும் அதைப் படித்துச் சொல்லுதலும்

பயிருக்குத் தெளிக்கும் பூச்சிக்கொல்லிகளையும் களைக்கொல்லிகளையும் குடியானவர்கள் ‘மருந்து’ என்றே வழங்கி வருகின்றனர். இச்சொல் நாவிற் பழகிவிட்டபடியால், புட்டிக்குள் இருப்பது விஷம் என்னும் நினைவு மங்கிவிடுகிறது. அந்நினைவை உண்டாக்குவதற்காகவே ஒவ்வொரு புட்டியின் மேலும் சீட்டு ஒன்று ஒட்டப்படுகிறது. ஆனால் அச்சீட்டு மருந்தை வாங்குபவரின் கையில் இருக்க, விஷமோ தெளிப்பவனுடைய தோலின் மேல் படுகிறது. இவ்விரண்டிற்கும் உள்ள தூரத்தைக் குறைப்பது நிலச் சொந்தக்காரரின் வேலையேயாகும்.

1958-ம் வருஷத்தில், ஏற்றி வரும் வழியில் பாரத்தியான் என்னும் விஷம் கலந்துவிட்ட கோதுமை மாவை உண்டு, கேரளத்தில் நூறு பேருக்கு மேல் மாண்டனர். அதன் பின்னர் 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டமும், 1971-ல் அதற்குரிய விதிகளும் ஏற்பட்டன. விதிகளின் பிரகாரம், மூலையை மேலாக வைத்து நிறுத்திய சதுரம் ஒன்று சீட்டில் அச்சிடப்பட வேண்டும். அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தின் நிறமே விஷத்தின் கடுமையைக் காட்டுவது. சிவப்பு மிகக் கொடிய விஷம். மேலே மண்டை ஓடும் எலும்புகளும் இருக்கும். மஞ்சள் அதற்கு அடுத்தது. நீலம் நடுத்தரம், பச்சை குறைந்தது.

இங்கே மூன்று தவறான எண்ணங்கள் எழுவதுண்டு. சிவப்பு மருந்து பூச்சியை நன்றாகக் கொல்லும், பச்சை மருந்து சத்தற்றது என்பது ஒன்று. நிறம் மனிதனுக்கும் கால்நடைக்கும் நேரக்கூடிய தீங்கைக் குறிப்பதேயன்றிப் பூச்சியின் மேல் உள்ள வேகத்தைக் குறிப்பதன்று. மஞ்சளைப் பற்றியது மற்றொன்று. மஞ்சளை மங்களமாகக் கொண்டாடும் நாட்டில் அந்நிறத்தைக் கண்டு அஞ்சுவோர் யார்? மண்டை ஓடும் அதில் இல்லை. ஆயினும் பாராகுவாட் என்னும் களைக்கொல்லி மஞ்சள் வகுப்பைச் சேர்ந்தது. அதை விழுங்கியவனுக்கு முறிமருந்து இன்றுவரை கிடையாது. மூன்றாவது, பச்சை முக்கோணம் இருந்தால் பயமே இல்லை என்பது. ஆராய்ச்சிப் பிராணிகளுக்கு எவ்வளவு கொடுத்தால் அவற்றிற் பாதி இறக்கும் என்ற கணக்கைக் கொண்டே வகுப்புகள் பிரிக்கப்படுகின்றன. பச்சை வகுப்புக்கு, உடல் எடை கிலோ ஒன்றுக்கு 5000 மில்லிகிராமுக்கு மேல். சிவப்புக்கு 50 மில்லிகிராமுக்குள். இக்கணக்கு உடனே நேரும் மரணத்தைப் பற்றியது மாத்திரமே. சிறுகச் சிறுகப் பல பருவங்கள் உடலிற் சேர்வதால் வரும் கேட்டை எந்த நிறமும் தெரிவிப்பதில்லை.

நிறத்தைவிட முக்கியமானது பெட்டிக்குள் மடித்து வைக்கப்படும் துண்டுப் பிரசுரம். விஷத்தின் அறிகுறிகள், முதலுதவி, முறிமருந்து, காலிப் புட்டியை ஒழிக்கும் விதம் ஆகிய யாவும் அதில் இருக்க வேண்டுமென்றும், ஹிந்தி, ஆங்கிலத்துடன் அந்தந்தப் பிரதேச மொழியிலும் இருக்க வேண்டுமென்றும் விதி கூறுகிறது. சட்டம் நல்லதுதான், எழுத்தோ எறும்பு ஊர்ந்தாற்போல் இருக்கிறது. கண் மங்கிய பெரியவர்களுக்கு அது பயன்படுவதில்லை. எழுத்தறியாத கூலியாளுக்கோ கேட்க வேண்டியதில்லை. கடையிற் பெட்டியைப் பிரித்துப் புட்டியை மட்டும் கொடுத்தால், துண்டுப் பிரசுரத்தையும் கேட்டு வாங்கி வருதல் வேண்டும்.

மருந்தைத் தண்ணீரிற் கலக்குமுன், வரப்பில் நின்றே இதைப் படித்துச் சொல்லலாம். முழுவதையும் வரி வரியாக ஒப்பித்தால் கேட்பவன் மனத்தில் ஒன்றும் நிற்காது. மருந்தின் பெயர் என்ன, அது எவ்வழியாக உடம்பிற் புகும், புகுந்தால் முதலில் என்ன செய்யும், அப்போது செய்ய வேண்டியது என்ன என்பவற்றை வீட்டில் பேசும் பேச்சிலேயே சொன்னாற் போதும். “கவனமாயிரு” என்பது பயனற்ற சொல். “காற்று அடிக்கும் திசைக்கு எதிராக நின்று தெளிக்காதே, குழாய் அடைத்துக்கொண்டால் வாய் வைத்து ஊதாதே, கை கழுவாமல் வெற்றிலை போடாதே” என்பது விளங்கும். சொல்லி முடித்தபின், கேட்டவனைத் திருப்பிச் சொல்லச் செய்ய வேண்டும். தலையை ஆட்டியவர்கள் எல்லாரும் விளங்கிக் கொண்டவர்கள் அல்லர். முதலாளியின் முன் “விளங்கவில்லை” என்று சொல்லக் கூச்சம் தடுக்கும். திருப்பிச் சொல்லும்போது பிழை வந்தால், சொன்னவர் வேறு விதமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

தெளிப்பவனுக்கு மட்டும் சொல்லிவிட்டால் போதாது. மறுநாள் கத்தரிக்காய் பறிக்க வரும் பெண்களும், வரப்பிற் புல் அறுப்போரும் அறிய வேண்டும். அறுவடைக்கு முன் எத்தனை நாள் காத்திருக்க வேண்டுமென்பது மருந்துக்கு மருந்தும் பயிருக்குப் பயிரும் வேறுபடும். தெளித்த வயலின் மூலையிற் கழி நட்டுச் சிவப்புத் துணி கட்டி, அதன் பொருளை ஊரில் ஒரே விதமாக வழங்கச் செய்தால், எழுத்தறியாதோரும் விலகிப் போவர். பஞ்சாயத்தாரும் கிராம நிர்வாக அதிகாரியும் இதை எடுத்துச் சொல்வது எளிது, செலவும் இல்லை.

காலிப் புட்டிகளின் விஷயம் தனியே சொல்லத் தக்கது. 2013-ம் வருஷம் ஜூலை மாதத்தில், பீஹாரில் சாரண் ஜில்லாவைச் சேர்ந்த பள்ளிக்கூடம் ஒன்றில் மத்தியான உணவு உண்ட குழந்தைகளில் 23 பேர் இறந்தனர். சமையலுக்கு எடுத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் இருந்ததாகச் சோதனையில் தெரியவந்தது. நல்ல மூடியுள்ள டப்பாவை எறிய மனம் வராதது இயல்பு. மும்முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்புக் கருவியிலேயே ஊற்றி, டப்பாவைக் குத்தி ஓட்டையாக்கிவிட்டால், அதில் எண்ணெயோ குடிநீரோ வைக்க எவருக்கும் தோன்றாது.

தெளித்தவனுக்கு மிகுதியாக வியர்த்து, வாயில் நீர் ஊறி, கண்மணி சுருங்கி, தசை துடித்து, மூச்சுத் திணறினால், மோனோகுரோட்டோபாஸ் போன்ற பாஸ்பரஸ் சேர்ந்த மருந்துகளின் விஷம் ஏறிவிட்டதென்று கொள்ளலாம். வெயிலின் களைப்பென்று நிழலிற் படுக்க வைத்து வீண்பொழுது போக்கலாகாது. உடுப்புகளைக் களைந்து, சோப்பிட்டுத் தண்ணீரால் உடம்பை நன்கு கழுவ வேண்டும். வலிய வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. மண்ணெண்ணெய் போன்ற திரவத்திற் கரைத்த மருந்து நுரையீரலில் இறங்கிவிடும். 108 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லி வண்டி வரவழைக்கலாம். இவ்விஷத்திற்கு அட்ரோபின் என்னும் ஊசி உண்டு; வேறு வகை மருந்துகள் எல்லாவற்றிற்கும் அது முறிமருந்தாகாது. ஆகையால் நோயாளியுடன் புட்டியையோ சீட்டையோ தவறாமல் எடுத்துச் சென்று டாக்டரிடம் காட்ட வேண்டும்.