நண்பர்களைப் பிரித்த ஒரு வரி... ‘போல்ஷெவிக்’ பெயர் பிறந்த கதை!

1903, ஜூலை மாதம். பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் ஒரு மாவுக் கிடங்கில் ரகசியமாகக் கூடினார்கள் ரஷ்யப் புரட்சியாளர்கள். உள்ளே எலித் தொல்லை, வெளியே போலீஸ் தொல்லை. கூட்டம் லண்டனுக்கு இடம் மாறியது. ரஷ்ய சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சியின் இரண்டாவது மாநாடு அது.

அங்கேதான் லெனினும் மார்த்தோவும் மோதிக்கொண்டார்கள். பீட்டர்ஸ்பர்க் தொழிலாளர்களிடையே சேர்ந்து வேலை பார்த்து, அடுத்தடுத்துக் கைதாகி, சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் இருவரும். திரும்பி வந்து ‘இஸ்க்ரா’ பத்திரிகையைச் சேர்ந்தே நடத்தினார்கள். லெனின் ‘நீ’ போட்டுப் பேசிய மிகச் சிலரில் மார்த்தோவும் ஒருவர்.

சண்டை எதற்கு? யார் கட்சி உறுப்பினர் என்று சொல்லும் ஒரே ஒரு வரிக்கு! கட்சி அமைப்பு ஒன்றில் நேரடியாகப் பங்கேற்க வேண்டும் என்றார் லெனின். அமைப்பின் வழிகாட்டலில் உதவி செய்தாலே போதும் என்றார் மார்த்தோவ். கேட்பதற்குச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் கட்டுப்பாடான புரட்சிப் படையா, கதவு திறந்திருக்கும் பெரிய கட்சியா என்ற கேள்வி அதற்குள் இருந்தது. 28 ஓட்டு வாங்கி ஜெயித்தவர்... மார்த்தோவ்!

ஆமாம், அந்த ஓட்டில் லெனின் தோற்றுத்தான் போனார். பிறகு யூதத் தொழிலாளர் அமைப்பான ‘புந்த்’தின் 5 பேரும், இன்னும் 2 பேரும் வெளிநடப்பு செய்ய, கணக்கு தலைகீழானது. அடுத்த தேர்தல்களில் லெனின் அணிக்குப் பெரும்பான்மை. இஸ்க்ரா ஆசிரியர் குழு 6 பேரிலிருந்து 3 பேராகச் சுருங்கியது. மூத்தவர்களான அக்செல்ராடும் வேரா சசூலிச்சும் கழற்றிவிடப்பட்டதை மார்த்தோவால் தாங்க முடியவில்லை. தனக்குக் கிடைத்த இடத்தையும் வேண்டாம் என்றுவிட்டார்.

ரஷ்ய மொழியில் ‘போல்ஷின்ஸ்த்வோ’ என்றால் பெரும்பான்மை, ‘மென்ஷின்ஸ்த்வோ’ என்றால் சிறுபான்மை. போல்ஷெவிக், மென்ஷெவிக் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. எதிரணி ‘சிறுபான்மை’ என்ற பெயரைச் சுமக்க ஒப்புக்கொண்டதுதான் ஆச்சரியம்!

1917, நவம்பர் 7 இரவு. குளிர்கால அரண்மனை முற்றுகையில் இருக்க, சோவியத் மாநாட்டில் எல்லா சோஷலிஸ்ட் கட்சிகளும் சேர்ந்த அரசு வேண்டும் என்று மன்றாடினார் மார்த்தோவ். எடுபடவில்லை, வெளியேறினார். சமரசமே கிடையாது என்று மேடையில் முழங்கியவர் டிராட்ஸ்கி. 1903-ல் மார்த்தோவ் பக்கம் நின்ற அதே டிராட்ஸ்கி!

புதிய ஆட்சியில் மென்ஷெவிக்குகள் ஒடுக்கப்பட்டார்கள். 1920-ல் அனுமதி பெற்று ஜெர்மனி போன மார்த்தோவ், 1923 ஏப்ரலில் காசநோயால் இறந்தார். அடுத்த ஜனவரியில் லெனின். கட்சிப் பெயரில் அடைப்புக்குறிக்குள் ஒட்டிக்கொண்டிருந்த ‘போல்ஷெவிக்’ என்ற சொல்லும் 1952-ல் நீக்கப்பட்டது.

லெனின் கடுமையாக நோயுற்றிருந்த நாட்களில் ஒருமுறை மனைவி குரூப்ஸ்காயாவிடம் சோகமாகச் சொன்னாராம், மார்த்தோவும் சாகக் கிடக்கிறாராமே என்று. குரூப்ஸ்காயாவே தன் நினைவுக் குறிப்புகளில் இதை எழுதியிருக்கிறார்.