பத்திரத்தில் எழுதப்படாத மலை

கோவையிலிருந்து மருதமலைச் சாலையில் மேற்கே செல்லச் செல்ல, வீட்டுமனை விளம்பரப் பலகைகளில் மலையின் படம் பெரிதாகிக்கொண்டே போகும். 2011-இல் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட வடவள்ளியைத் தாண்டி, தொண்டாமுத்தூர் வரையிலும் தென்னந்தோப்புகள் மனைகளாகி வருகின்றன. காலையில் சாளரத்தைத் திறந்தால் மேற்குத் தொடர்ச்சி மலை. மாலையில் நடந்து செல்லத் தூய காற்று. ஓய்வூதியப் பணத்தையும் வங்கிக் கடனையும் சேர்த்து அங்கே குடியேற விரும்புவோரைக் குறை கூற முடியாது.

ஆனால், அவர்கள் எதை விலை கொடுத்து வாங்குகிறார்கள் என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே அளவுள்ள இரண்டு மனைகளில் மலை தெரியும் மனைக்குக் கூடுதல் விலை. அந்தக் கூடுதல் தொகை மலைக்கானது. கிரையப் பத்திரத்தின் சொத்து விவரத்திலோ சர்வே எண்ணும் நான்கு எல்லைகளும் மட்டுமே இருக்கும்; மலை இருக்காது. எதிர்மனையில் மூன்று மாடி எழும்பினால், கொடுத்த பணத்தில் ஒரு பகுதி அன்றே கரைந்துபோகும். வழக்குத் தொடுக்கவும் வழியில்லை.

பிரெட் ஹிர்ஷ் என்ற பொருளியலறிஞர் 1976-இல் வெளியிட்ட நூலில், பிறருக்குக் கிடைக்காதவரை மட்டுமே மதிப்புடைய பொருள்களை நிலைசார் பண்டங்கள் என்றார். மலையடிவார வீடு அத்தகைய பண்டம். அமைதியைத் தேடி வரும் ஒவ்வொருவரும், தமக்கு முன்னே வந்தவரின் அமைதியில் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறார்.

இதனால்தான் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகளை நான் மனை வாங்குவோரின் பகையாகக் கருதுவதில்லை. 'ஹாகா' என்று தரகர்கள் சலிப்போடு குறிப்பிடும் அமைப்பு அது. 1990 முதல் நடைமுறையில் உள்ள இந்த ஏற்பாட்டின்படி, பட்டியலிடப்பட்ட மலைக் கிராமங்களில் மனைப்பிரிவு அமைக்கவோ கட்டடம் எழுப்பவோ வனம், வேளாண் பொறியியல், கனிமவளம் ஆகிய துறைகளின் தடையின்மைச் சான்றும் தேவைப்படும். காலதாமதம் உண்டு, எரிச்சலும் உண்டு. எனினும், அடுத்த தோப்பு மனையாகாமல் தடுக்கக்கூடியது அந்த விதியே. விதியை வளைத்துத் தரும் தரகர் ஒருவருக்கு மட்டும் அந்தச் சலுகையைத் தரப்போவதில்லை.

பண்ணை நிலம் என்ற பெயரில் நடக்கும் விற்பனையைத் தனியே சொல்ல வேண்டும். அங்கீகாரமற்ற மனைப்பிரிவில் புதிதாக விற்கப்படும் மனைகளைப் பதிவு செய்ய 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு தடை உள்ளது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளுக்கு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவும் வேண்டும். இவற்றைத் தவிர்க்கவே, விவசாய நிலத்தைச் சென்ட் கணக்கில் பிரித்து, வீடு கட்டிக்கொள்ளலாம் என்று வாய்மொழியாக உறுதியளிக்கிறார்கள். பத்திரம் பதிவாகிவிட்டது என்பதாலேயே வீடு கட்ட அனுமதி கிடைத்துவிடாது.

அடுத்தது யானை. கேரளக் காடுகளுக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையே யானைகள் இந்த அடிவாரத்தை ஒட்டியே போய் வருகின்றன. பாரதியார் பல்கலைக்கழக வளாகத்துக்குள் அவை வருவது கோவை மக்களுக்குப் புதிய செய்தியன்று. வீட்டில் வைத்த அரிசியும் மாட்டுத் தவிடும் அவற்றை அழைக்கும். குப்பை மேடும் அழைக்கும். மருதமலை அடிவாரத்தில் 2025 மே மாதம் இறந்த பெண் யானையின் வயிற்றில் ஞெகிழிக் கழிவு இருந்தது கூராய்வில் தெரிந்தது. 'யானை ஊருக்குள் புகுந்தது' என்று நாம் எழுதுகிறோம். எது யாருடைய ஊர் என்பது விவாதத்துக்குரியது.

காடு அருகில் இருப்பதால் காட்டில் நடக்கலாம் என்பதும் பிழையான கணக்கே. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். அரசு 2024-இல் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் மாநிலம் முழுவதற்கும் 40 பாதைகளே திறக்கப்பட்டன. அவற்றுக்கும் முன்பதிவும் கட்டணமும் உண்டு.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலையடிவாரத்தில் உள்ள போல்டர் நகரம் வேறு வழியில் சென்றது. 5,750 அடி உயரத்துக்கு மேல் நகராட்சிக் குடிநீர் வழங்குவதில்லை என 1959-இல் அந்நகர மக்கள் வாக்களித்து முடிவு செய்தனர். 1967-இல் தங்கள் மீதே விற்பனை வரி விதித்துக்கொண்டு மலைநிலங்களை வாங்கத் தொடங்கினர். அங்கே மலைப்பாதைகள் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. ஆனால், வீட்டு விலை மிக உயர்ந்து, அந்நகரில் வேலை செய்வோரில் பலர் வெளியூர்களிலிருந்து வந்து போகின்றனர். முதலில் வந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள் என்ற குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. அந்தக் குறையோடு சேர்த்தே அவ்வழியை நான் ஏற்கிறேன். மலைக்கு ஊரே விலை கொடுத்தது. ஊருக்கே அது சொந்தமாயிற்று. நம் ஊரில் அந்த விலை முழுவதும் நிலம் விற்றவரின் கைக்கே போகிறது.

மனை பார்க்கச் செல்வோர் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் செல்கின்றனர். ஐப்பசி மழையில் ஒருமுறை செல்லுங்கள். ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஓடை எந்த வழியாக இறங்குகிறது என்பது தெரியும். வில்லங்கச் சான்றிதழோடு கிராமப் புல வரைபடத்தையும் வாங்கி, அந்த ஓடை மனைக்குள் வருகிறதா என்று பாருங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம், யானை எந்த மாதத்தில், எந்தப் பக்கமாக வரும் என்று கேளுங்கள். அவர் சொல்லிவிடுவார், அவருக்கு விற்பதற்கு ஏதுமில்லை.