குறை விரலிலா, கருவியிலா?

முன்னாள் மாணவர் ஒருவர் எங்கள் பள்ளிக்குக் கிட்டார் ஒன்றை அன்பளிப்பாகத் தந்தார். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆசையோடு அதை எடுத்தாள். இரண்டே வாரத்தில், "விரல் ரொம்ப வலிக்குது சார், எனக்கு இது வராது" என்று திருப்பி வைத்துவிட்டாள். "பழகினால் சரியாகிவிடும்" என்றேன். அறிவியல் ஆசிரியரான நான் அந்தக் கருவியை ஒருமுறைகூட அளந்து பார்க்கவில்லை.

சில மாதங்கள் கழித்து, அதை இசைக்கருவி பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொண்டுசென்றேன். கிட்டாரின் கழுத்தில் குறுக்காகப் பதித்திருக்கும் உலோகக் கம்பிகளுக்கு ஃபிரெட் என்று பெயர். அவர் 12-ஆம் ஃபிரெட்டின் மேல் அளவுகோலை நிறுத்தினார். தந்தி 4 மில்லிமீட்டருக்கும் மேலே நின்றது. "பெரியவங்களுக்கே அழுத்துறது கஷ்டம் சார்" என்றார்.

"சீனத்துச் சரக்கு, வேறு எப்படி இருக்கும்?" என்றார் உடன் வந்த ஆசிரியர். பழுதுபார்ப்பவர் சுவரில் மாட்டியிருந்த வேறொரு கிட்டாரை எடுத்துக் கொடுத்தார். தொட்டாலே தந்தி பணிந்தது. அதுவும் சீனாவில் செய்ததுதான்!

ஆசியக் கருவிகளின் கதை ஒரு பள்ளியோடு தொடர்புடையது. 1887-இல் ஜப்பானின் ஹமமட்சு நகரப் பள்ளி ஒன்றில் பழுதான ஆர்கனைச் சரிசெய்தவர் டொரகுசு யமஹா. பிறகு தாமே ஓர் ஆர்கன் செய்து, மலைப்பாதை வழியே டோக்கியோவுக்குச் சுமந்து சென்றார். சுருதி சரியில்லை என்றார்கள். அங்கேயே தங்கிச் சுருதி சேர்க்கக் கற்று, மீண்டும் செய்து வென்றார். அவர் தொடங்கிய நிறுவனம் 1966-இல் எஃப்ஜி180 என்னும் கிட்டாரை வெளியிட்டது. இன்று அதன் கிட்டார்கள் பல இந்தோனேசியாவிலும் சீனாவிலும் தயாராகின்றன. அமெரிக்க நிறுவனங்களும் தம் விலை குறைந்த கிட்டார்களை இந்நாடுகளில் செய்விக்கின்றன.

கூலி குறைவு, பெருமளவு உற்பத்தி, கணினி வழி இயங்கும் வெட்டு எந்திரங்கள் ஆகியவற்றால் விலை இறங்குகிறது. இதனால் தரம் கெடுவதில்லை. மிக மலிவான கருவிகளில் கடைசிக் கட்டச் சரிபார்ப்பையும் மிச்சப்படுத்திவிடுகிறார்கள், சிக்கல் அங்கேதான்.

பள்ளிக்குக் கிட்டார் வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்.

1. உயரம்: 12-ஆம் ஃபிரெட்டுக்கும் தடித்த தந்திக்கும் இடைவெளி 2.5 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் குழந்தைகளுக்கு எளிது.

2. சுருதி: 12-ஆம் ஃபிரெட் தந்தியின் நீளத்தை ஏறத்தாழப் பாதியாக்குகிறது. அதற்கு நேர் மேலே தந்தியை மெல்லத் தொட்டு மீட்டுங்கள். பிறகு அங்கேயே அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். ஒலியியல் பாடத்துக்கும் இது நல்ல செய்முறை.

3. மேற்பலகை: ஒரே மரத்தாலான பலகை வளமாக ஒலிக்கும்; விலை கூடும்; ஈரப்பதம் மாறினால் வெடிக்கவும் கூடும். பிளைவுட் பலகையின் ஒலி சற்று மட்டு. ஆனால், பல கைகள் புழங்கும் வகுப்பறையில் அதுவே தாக்குப்பிடிக்கும்.

எங்கள் கிட்டாரில் தந்தி தாங்கும் சிறு வெள்ளைத் துண்டின் அடியைத் தேய்த்து உயரத்தைக் குறைத்தார் பழுதுபார்ப்பவர். ஒரு மணி நேர வேலைதான். ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்ட அந்த மாணவியை அழைத்து, "அன்று தவறு என்னுடையது" என்று சொல்லி மீண்டும் கொடுத்தேன். வாசித்துப் பார்த்தாள்.

"இப்பவும் வலிக்குதா?"

"கொஞ்சம்தான் சார். இது பழகிடும்."

'இந்தப் பிள்ளைக்கு வராது' என்று முடிவுகட்டும் முன், நாம் அதன் கையில் கொடுத்திருப்பதை ஒருமுறை அளந்து பார்த்துவிடுவோம்.