எலியின் கண் புகட்டும் பாடம்

முதுமைக் காலத்தில் மனிதனின் பார்வையை அபகரிக்கும் வியாதிகளுள், வலியோ அறிகுறியோ இன்றிப் பக்கப் பார்வையை முதலிற் குறுக்கி, பெரும் நஷ்டம் நேர்ந்த பின்னரே தன்னை வெளிப்படுத்தும் கிளாக்கோமா எனும் கண் அழுத்த நோய் மிகவும் வஞ்சகமானது. இந்நோயில் அழிவது காட்சியை மூளைக்குக் கொண்டு செல்லும் பார்வை நரம்பு. உயிருள்ள மனிதரிடமிருந்து அந்நரம்பை எடுத்துச் சோதிப்பது இயலாத காரியமாகையாலும், நோய் முற்றுவதற்குப் பல்லாண்டுகள் செல்வதாலும், ஏறத்தாழ ஈராண்டிலேயே மூப்பெய்திவிடும் எலியை விஞ்ஞானிகள் நாடினார்கள்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலுள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் ‘டிபிஏ/2ஜே’ என்னும் எலிக்குலம், கிளாரன்ஸ் குக் லிட்டில் 1909-இல் தொடங்கிய வமிசத்தின் கிளையாகும். பரம்பரையாக வந்த இரு மரபணுக் குறைகளால், வயது ஏற ஏற, கண்மணியைச் சூழ்ந்த வண்ணத் திரையிலிருந்து நிறத்துகள் உதிர்ந்து, கண்ணுள் ஊறும் திரவம் வடியும் வழியைத் தடுக்க, அழுத்தம் உயர்ந்து, ஓராண்டு வயதாகும்போது இவற்றுள் பலவற்றின் பார்வை நரம்பு சிதைந்துவிடுகிறது.

இவ்வெலிகளை ஆராய்ந்த சைமன் ஜானும் அவருடைய சகாக்களும், உயிரணுக்களின் சக்தி உற்பத்திக்கு இன்றியமையாத ‘என்ஏடி’ என்னும் பொருள் விழித்திரையில் வயதோடு குறைகிறது என்பதை 2017-இல் வெளியிட்டார்கள். அதை ஈடுசெய்ய, வைட்டமின் பி3-இன் ஒரு வடிவமான நிக்கோட்டினமைடைக் கொடுத்தபோது, கண் அழுத்தத்தைக் குறைக்காத அளவிலேயே அது நரம்பைக் காத்தது. மிகுந்த அளவில் கொடுத்தபோது 93 சதவிகிதக் கண்கள் நரம்புச் சேதமின்றித் தப்பின. அழுத்தம் மட்டுமல்ல, அதைத் தாங்கும் வலிமையை நரம்பு மூப்பினால் இழப்பதும் நோய்க்கு ஹேதுவாகும் என்ற உண்மை இவ்விதம் துலங்கிற்று.

எனினும் எலியின் கண் மனிதக் கண்ணன்று. நம் பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறுமிடத்தில் அதைத் தாங்கி நிற்கும் சல்லடை போன்ற நார்த்தட்டு எலிக்கு இல்லை. அழுத்தத்தால் அத்தட்டு வளைந்து நரம்பை நசுக்கும் விதத்தை இவ்வெலியிடம் கற்க வழியில்லை. எலிக்குப் பலித்த மருந்து மனிதருக்கும் பலிக்குமா என்பதை மனிதரிடத்து நிகழும் பரீட்சைகளே நிர்ணயிக்கவேண்டும்; அதற்குள், அளவு மிஞ்சினால் ஈரலைப் பாதிக்கக்கூடிய இவ்வைட்டமினை வைத்தியரின் ஆலோசனையின்றி உட்கொள்வது விபரீதமாகும்.

ஒரு பிராணி எதில் நம்மை ஒத்திருக்கிறது, எதில் வேறுபடுகிறது என்பதை முன்னதாகவே தெளிந்து, அது விடையளிக்கக்கூடிய கேள்வியை மட்டும் அதனிடம் கேட்பதே மெய்யான விஞ்ஞானம். அத்தெளிவின்றிச் செய்யும் சோதனையில் பிராணியின் உயிரும் வீண், நோயாளியின் நம்பிக்கையும் வீண்.